கலங்கிய கண்ணும் கண்ணாடித் தம்ளரும்

சர்க்கரை வியாதியால் என் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. பார்க்கிற இடமெல்லாம் புகை மண்டிக் கிடந்தது. "லேசர் வைக்கணும் சார். ஆனா உள்ள ரத்தம் கலங்கி நிக்குது. வெளிச்சம் சிதறிப் போயிரும், விழித்திரைக்குப் போய்ச் சேராது. மொதல்ல அடியில எறங்கட்டும். அசையாம உக்காந்திருங்க, தூங்குறதும் சாஞ்சு உக்காந்துதான்," என்றார் டாக்டர். தெளியாவிட்டால் ஆபரேஷன். அப்போதும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை.

நானோ காலில் சக்கரம் கட்டியவன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன்; வகுப்பிலேயே ஓரிடத்தில் நிற்க மாட்டேன். இரண்டாம் நாளே இருப்புக்கொள்ளவில்லை. மல்லிகைத் தொட்டியிலிருந்து கொஞ்சம் செம்மண் எடுத்து, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கி, ஜன்னலில் வைத்தேன். வகுப்புக்கு வைத்திருக்கும் லேசர் பேனாவை அதற்குள் அடித்தேன். தம்ளர் முழுக்கச் சிவப்பாய்ப் பரவியதே தவிர, எதிர்ச் சுவரில் புள்ளி விழவில்லை. என் கண்ணும் இப்படித்தானே இருக்கும் என்று பேனாவை அணைத்தேன்.

அதற்குப் பிறகு சும்மா சும்மா எழுந்து போய் அடித்துப் பார்த்தேன். தம்ளர் தெளிந்தால் கண்ணும் தெளியும் என்று, படித்த மடையன், எனக்கு நானே குறி பார்த்துக்கொண்டேன். எழும்போதெல்லாம் கண்ணுக்குள் மறுபடி புகை கிளம்பியது.

"ஏங்க, செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டீங்களா? அம்புட்டும் திரும்பக் கலங்கிறப்போகுது," என்று மனைவி சிரித்துக்கொண்டே அதட்டினாள்.

"உனக்கென்ன, போறது என் கண்ணுதான்," என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை அவளே தம்ளரை என் நாற்காலிப் பக்கம் கொண்டுவந்து வைத்தாள். "தெளிஞ்சிருச்சு. உக்காந்த எடத்துலயே அடிச்சுப் பாருங்க."

சுவரில் புள்ளி பளிச்சென்று விழுந்தது. ஆனால் தண்ணீருக்குள் கோடே தெரியவில்லை. மண் எவ்வளவுதான் படிந்தாலும், மிதக்கிற மிச்சத் தூசி வெளிச்சம் போகிற வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் பார்த்தேன், ஒரு பொட்டு மண் இல்லை. கழுவிவிட்டுக் கேன் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறாள். வாத்தியாரிடமே வேலையைக் காட்டியிருக்கிறாள்!

"ஆமா, தெளிஞ்சிருச்சு," என்றேன். அதற்கப்புறம் நாற்காலியை விட்டு வீணாக எழவில்லை.

அடுத்த தடவை டாக்டர் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, "நல்லா எறங்கிருச்சு சார், இன்னைக்கே லேசர் வச்சிரலாம்," என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் அந்த வீட்டில் பயந்து கிடந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.