கூறைச் சேலைக்கு ஒரு சிவப்பு

சூரமங்கலம் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சேலத்துத் தறிக்காரர்களுக்குச் சீமைச் சாயம் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். ஒரே சிவப்புக்குப் பெட்டிக்குப் பெட்டி வேறு பெயர். ஆங்கிலத்தில் கிரிம்சன், ஜெர்மனில் கார்மேசின், பிரெஞ்சில் கிராமுவாசி. மூன்றும் பங்காளிகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பாட்டன் யார் என்றுதான் தெரியவில்லை. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய புத்தகக் கடையில் தடித்த அகராதி ஒன்றை வாங்கிப் புரட்டினேன். அரபியில் கிர்மிஸ் என்பது ஒரு சாயப் பூச்சி. பாரசீகத்தில் கிர்ம் என்றால் புழு. அதற்கு உறவு வடமொழிக் கிருமி. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறோமே, அதே கிருமி! போலந்துக்காரர்கள்கூடச் சிவப்புக்குத் தங்கள் ஊர்ப் புழுவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. ஆபீசில் யார் கேட்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புதுச்சத்திரம் பக்கம் பெண் நிச்சயமானது. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். இந்தக் கல்யாணம் எப்படியாவது நடந்துவிட வேண்டுமே என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கூறைச் சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் சேலத்துக்கு வந்தார்கள். பெண்ணின் தோளில் போட்டுப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று அவளுடைய அத்தை அவளையும் கூட்டி வந்திருந்தார்.

கடைக்காரர் ஒரு சிவப்பை விரித்து, "அசல் கிரிம்சனுங்க" என்றார். அத்தைக்குப் பிடித்துப் போயிற்று. "அதென்னங்க கிரிம்சன்?" என்றார். கடைக்காரரைத்தான் கேட்டார், பதில் சொன்னது நான். அரபியில் தொடங்கிக் கிருமியில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

கை சுட்டதுபோல அத்தை சேலையை விட்டார். "நல்ல காரியத்துல புழுன்னு சொல்லிப்போட்டீங்களே மாப்ளே!"

"பேர்ல மட்டுந்தானுங்க புழு. சாயம் ஆலைல காச்சறதுங்க" என்றேன்.

இன்னொரு தடவை புழு என்றதுதான் மிச்சம். அத்தை எழுந்துவிட்டார். "சகுனஞ் சரியில்லீங்க. ஊட்டுக்குப் போயி ரோசன பண்ணிச் சொல்லி உடறோம்."

பட்டே புழு கட்டுகிற கூடுதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் அப்பா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

அப்போது பெண் தலை நிமிராமலே, "அந்த அரக்குக் கலரு நல்லாருக்குதுங்க அத்தை" என்றாள். அத்தை தயங்கினார், அதை எடுத்து அவள் தோளில் போட்டுப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

எனக்குள் அகராதி மறுபடி புரண்டது. அரக்கும் பூச்சி கொடுப்பதுதான். ஆங்கிலத்தில் லேக், பிரெஞ்சில் லாக், இத்தாலியில் லாக்கா என்று ஐரோப்பா முழுவதும் சாயப் பெயராக உலாவுவது நம் தேசத்திலிருந்து கப்பலேறிய லாக்ஷா, அதாவது இந்த அரக்கின் வடமொழிப் பெயர்தான். அத்தனையும் தொண்டையில் நின்று முட்டியது.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே மாப்ளே?" என்று அத்தை என்னையே கேட்டார்.

"நல்ல நெறமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். உள்ளே சேலையை மடித்துக் கொடுக்கும்வரை வெயிலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

அந்தச் சேலையில்தான் கல்யாணம் நடந்தது. சூரமங்கலத்தில் குடித்தனம் வைத்த முதல் வாரமே, பொறுக்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தவில்லை.

"எங்க காட்டு எலந்தை மரத்துல பூச்சி கட்டறதுதானுங்களே அரக்கு. தெரியாம இருக்குமுங்களா?"

"தெரிஞ்சுமா அதக் கேட்டே?"

"வேற என்னங்க பண்றது? அத்தை எந்திரிச்சுட்டாங்க. எங்கே இதுக்கும் வாயத் தொறந்துருவீங்களோன்னு ஒரே வெசனமாப் போச்சு. நீங்க தெருவுக்குப் போன பெறகுதானுங்க எனக்கு மூச்சே வந்துச்சு."