அணியத்துச் செப்புத் தகடு

பக்கீர் தன் மூத்த சகோதரி சுபைறா ராத்தாவின் தோணியை வெட்டிக் கிலோக் கணக்கில் விற்றுவிட்டாராம். இந்தக் கதை அவருடைய மனைவி ஹப்ஸாவின் காதுக்கு மூன்றாம் வாயால்தான் வந்தது. சாய்ந்தமருதுச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது பக்கத்து வளவு ஹிமாயா சொன்னாள். ஹிமாயாவுக்கு அவளுடைய மச்சி சொன்னாளாம். மச்சிக்கு யார் சொன்னது என்பது மச்சிக்கே ஞாபகமில்லையாம்.

"இரும்புக்காரன்ட லொறி உங்கட வாசல்ல நிண்டதாமே ராத்தா?"

"நிண்டதுதான். பழைய சைக்கிள் ஒண்டுக்கு வந்து நிண்டான்."

"தோணிய வெட்டினதாமே?"

"வெட்டினதுதான். நீ துணி வெட்டுறது தைக்கிறதுக்கா, விக்கிறதுக்கா?"

ஹிமாயா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் ஒருத்தி மூடி என்ன ஆகப்போகிறது? ஹப்ஸா வீட்டுக்கு வந்து படலையைத் திறந்தபோது, தோணி நான்கு தென்னங்குற்றிகளின் மேல் வழமைபோல் கிடந்தது. அதன் முன்முனையில், அணியத்தில், உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டிய ஓட்டை. அதற்குள்ளால் கோழி ஒன்று தலையை நீட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கீர் பக்கத்தில் குந்தியிருந்தார். வலது கை மடியில், இன்னொருவருடைய கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்ததுபோல, அசையாமல் கிடந்தது.

"சந்தையில கத பரவிட்டு. பின்னேரத்துக்குள்ள டோஹாக்குப் போயிரும். அதுக்கு முதல் நீங்களே சுபைறா மதினிக்குச் சொல்லிருங்க."

"சொல்றன்."

"எப்ப?"

"சொல்றன் புள்ள," என்றார் பக்கீர். அந்தக் குரலில் எழும்பி நிற்கும் பலம்கூட இல்லை.

தோணி சுபைறாவுடையது. அதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. கடல் ஊருக்குள் வந்துபோன மார்கழியில் சுபைறாவின் புருசனும் மூத்த மகனும் கடலோடு போய் மௌத்தானார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று லொறிகளில் அலுமினியத் தோணிகளைக் கொண்டுவந்து கடற்கரையில் இறக்கியது. எந்த நாட்டிலோ, அசையாத குளத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்காகச் செய்தவை. நம்முடைய கடலின் அலைக்கு அவை சொதி வைக்கிற பாத்திரம் மாதிரி. அடித்தால் பறை போலச் சத்தம், வெயிலில் கிடந்தால் தொட ஏலாது. கடப்புறத்தார் அதற்குச் சோத்துச் சட்டி என்று பேர் வைத்தார்கள். வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அதை இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு ஃபைபர் தோணிகளுக்கு மாறினார்கள். அதனால்தான் இப்போதும் ஊர் அப்படிக் கதை கட்டியது. சட்டிகளின் முடிவு எப்படி என்று ஊருக்குத் தெரியும்.

சுபைறாவின் தோணி மட்டும் மிஞ்சியது. அவள் அதைத் தம்பியிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது கல்முனையில் ஓர் ஆலிம்சாவிடம் ஓதி எழுதி வாங்கிய செப்புத் தகட்டை அணியத்தின் உட்பக்கத்தில் வைத்து, பித்தளைத் திருகாணிகளால் தன் கையாலேயே இறுக்கினாள். ஆண்கள் ஆணிமுறுக்கியை வாங்கப் போனபோது விடவில்லை.

"எங்கட வீட்டுல அண்டைக்கு இப்பிடி ஒண்டு இரிக்கல்ல," என்றாள். "இது இரிக்குமட்டும் கடல் உன்னத் திருப்பித் தரும் தம்பி. ஆரு சொன்னாலும் கழட்டப்படாது."

பக்கீர் கழற்றவில்லை. தகடு காக்கிறது என்றும் அவர் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தகடு கட்டுவது மார்க்கத்தில் கூடாது என்று இளம் பையன்கள் கடற்கரையில் வந்து வாதாடியபோது, "ஓம் வாப்பா, ஓம்," என்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போன ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். சுபைறா கரையில் நின்று முதலில் அணியத்தைப் பார்ப்பாள், பிறகுதான் தம்பியின் முகத்தை.

மிஞ்சிய ஒரே மகள் சிபானா கலியாணம் முடித்து டோஹாவுக்குப் போனாள். பிறகு தாயையும் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மாவுக்குப் பிறகு ராத்தாவின் அழைப்பு வரும். கடல் எப்படி, கை நோவு எப்படி, என்ன மீன் படுகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் அதைக் கேட்பாள்.

"தகடு இரிக்கா?"

"இரிக்கி ராத்தா."

மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன வருசத்தில் பக்கீர் தோணியை வீட்டோரமாகப் போட்டுவிட்டு, முஸ்தாக்கின் ஃபைபர் தோணியில் ஆளாகப் போனார். அங்கே வலை இழுத்து இழுத்துத்தான் வலது தோள் போனது. முஸ்தாக் மரியாதை தெரிந்த பொடியன், மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "காக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்களன்," என்றான். அந்தக் கொஞ்ச நாளைக்கு முடிவில்லை என்பது சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். பக்கீருக்குக் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. பிறத்தியான் தோணிக்கு இனி அவர் பாரம். ராத்தாவின் தோணி திரும்பக் கடலில் இறங்கினால் தொழில், இல்லாவிட்டால் வீட்டு வாசல். அவ்வளவுதான் கணக்கு.

கோழிகளைத் துரத்திவிட்டுத் தோணியைக் குற்றிகளில் ஏற்றினார். ஒரு கைக்காரனுக்கு ஏற்றதாக அதை மாற்ற வேண்டியிருந்தது. வலையைத் தூக்காமல் உருட்டி ஏற்றுவதற்குப் பக்கவாட்டில் பிவிசி குழாயால் ஓர் உருளை. மணலில் தனியே தள்ளிப் போக, பின்பக்கத்தில் உடைந்த கைவண்டி ஒன்றின் இரண்டு சில்லுகள். இருக்கைப் பெட்டிகளுக்குள் இருந்த ரெஜிபோம் மிதவைக் கட்டி தண்ணீரைக் குடித்துப் பிணம்போல் கனத்தது. அதைத் தோண்டி எறிந்துவிட்டு, மூடி இறுக்கிய வெற்றுச் சோடாப் போத்தல்களை அடைத்தார். தோணி கவிழ்ந்தாலும் போத்தல்கள் மிதக்க வைக்கும்.

"ஊருல எல்லாரும் கலியாண வீட்டுக்குப் போய் சஹன் தட்டச் சுத்திக் குந்திச் சாப்பிட்டுட்டு வாறாங்க," என்றாள் ஹப்ஸா. "போத்தல் பொறுக்கிட்டு வாற மனிசன் நீங்க ஒராள்தான்."

"சாப்பிட்டுட்டுத்தானே பொறுக்கினன்."

அலுமினியம் ஒட்டத் தெரிந்தவன் காரைதீவில் இருந்தான். குணம் என்று பேர். பஸ் ரேடியேட்டர் முதல் கோயில் அண்டா வரை ஒட்டுகிறவன். வந்தவன் தோணியைச் சுற்றி ஒரு முறை நடந்து, தட்டிப் பார்த்துவிட்டு, "காக்கா, வெளியால இருந்து ஓட்டை தேடப்படாது. உள்ளுக்குத் தண்ணிய விடுங்க. அதுவாச் சொல்லும்," என்றான். குழாயைப் போட்டுத் தோணியை நிரப்பினார்கள். கடலில் மிதக்க வேண்டியது முற்றத்தில் கிணறாக நின்றது. குணம் சோக்குக் கட்டியோடு குனிந்து, எங்கெல்லாம் வியர்க்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டான். தையல்களில் சின்னச் சின்னக் கசிவுகள். அணியத்துக்கு வந்ததும் வட்டம் போடவே இல்லை. அங்கே தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தான். பச்சை பூத்த செப்புத் தகடு. பக்கீர் தலையை ஆட்டிய பிறகே திருகாணிகளைக் கழற்றினான். தகட்டின் பின்னால் அலுமினியம் இல்லை. சாம்பல் மாதிரி வெள்ளை மா மட்டும் இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்து, தகட்டின் நான்கு மூலையும் தெரிகிற மாதிரியே ஓட்டை திறந்துகொண்டது.

"இதுதான் திண்டிருக்கு காக்கா," என்றான் குணம், சத்தத்தைக் குறைத்து. "செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணியில ஒண்டாக் கிடந்தா பற்றறி மாதிரி. செம்புக்கு ஒண்டும் வராது. அலுமினியத்தத் திண்டு முடிச்சிரும்."

பக்கீர் தகட்டை வாங்கிக் கழுவினார். ஹப்ஸாவிடம் வெள்ளைத் துணி கேட்டுச் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில், ஓதல் கிதாபுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வந்து, "வெட்டுங்க தம்பி," என்றார். குணம் அழுகிய பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்தான். அந்தத் துண்டை யாரோ கண்டிருக்க வேண்டும். அன்றைக்கே இரும்புக்காரனின் லொறியும் வந்து நின்றதால், இரண்டையும் சேர்த்து ஒரு கதையாக்குவது கஷ்டமாக இருந்திருக்காது.

ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் செய்தி முதலில் பிழையாகத்தான் போய்ச் சேரும். சரியானது பின்னால், ஆற அமர, யாருக்காவது நேரம் கிடைத்தால் போகும். சந்தையில் ஹப்ஸா கதை கேட்ட அன்று இரவே சுபைறாவின் அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை அல்லாத அழைப்பு. பக்கீர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நின்றது. அடுத்த நாளும் வந்தது, நின்றது.

"எடுத்துச் சொல்லுங்களன், விக்கல்ல எண்டு."

"விக்கல்ல எண்டா ஏன் வெட்டின எண்டு கேப்பா. ஓட்டை எண்டா எங்க எண்டு கேப்பா."

"சரி, சொல்லுங்க."

"என்னத்த? ராத்தா, நீங்க காவலுக்கு வெச்ச தகடுதான் தோணியில ஓட்டை போட்டெண்டா?" பக்கீர் தோளைத் தடவிக்கொண்டார். "அந்தத் தகட்ட விட்டா அவக்கு இந்த ஊருல என்ன புள்ள இரிக்கி?"

 சிபானாவின் குரல்பதிவு ஹப்ஸாவின் போனுக்குத்தான் வந்தது: "மாமி, உம்மா நேத்துல இருந்து சாப்பிடுறல்ல. தோணியையும் வித்துட்டானெண்டு ஒரே அழுகை. மாமாவ ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்களன்."

அதைக் கேட்ட பிறகு பக்கீர் எழுந்து போய்த் தோணியைப் படம் பிடித்தார். பின்பக்கத்தில் நின்று பிடித்தார். சில்லு, உருளை, புதிதாகப் பூசிய நீலப் பூச்சு எல்லாம் தெரிந்தன. அணியம் மட்டும் படத்துக்கு வெளியே நின்றது. ஹப்ஸா அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தாள். படம் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் சுபைறாவின் குரல் வந்தது. அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"அணியத்தக் காட்டு தம்பி."

அதற்குப் பதில் போகவில்லை. அதற்குப் பிறகு டோஹாவிலிருந்து அழைப்பும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, பக்கீர் போனை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஆறும்வரை குந்தியிருந்தார்.

குணம் திரும்ப வந்து சதுரத்துக்குப் புது அலுமினியத் தகடு வைத்து ஒட்டினான். ஒட்டின இடம் மீன் செதிள்போல் வரிவரியாகப் படிந்தது. எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது, ரியூப் ரப்பர் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இத இடையில வெச்சு, பிளாஸ்ரிக் ஆணியால பூட்டினீங்க எண்டா உங்கட செப்புத் தகடும் கிடக்கும், தோணியும் கிடக்கும். எங்கட சாமி படத்துக்கும் நான் இப்பிடித்தான் செஞ்சு குடுக்கிறன். சாமி கோவிக்கல்ல."

ஹப்ஸாவுக்கு முகம் வெளித்தது. "பிறகென்ன, பூட்டிட்டுப் படம் எடுத்து அனுப்புங்க. இடையில ரப்பர் இரிக்கிறது படத்துல தெரியவா போகுது?"

பக்கீர் ரப்பரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பூட்டவில்லை. பூட்டினால் இன்று தப்பலாம். பிறகு ஒவ்வொரு வெள்ளியும், "தகடு இரிக்கா?" என்று அவள் கேட்க, "இரிக்கி ராத்தா," என்று இவர் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இத்தனை காலமும் உண்மையாக இருந்த சொல். பொய் சொல்லிப் பழகுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை.

வாடைக் காற்று அடங்கிய ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, தோணியைச் சில்லுகளில் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். பின்னேரத்தில் வலை போட்டுவிட்டு வருவதுதான் நோக்கம். முஸ்தாக்கும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து கை கொடுத்தார்கள்.

"காக்கா, சட்டி வந்திட்டு. மூடி எங்க?"

"மூடி உன்ட தலையில இரிக்கி. தள்ளுடா."

தள்ளினார்கள். அணியம் நனைந்தது. இன்னும் ஒரு தள்ளில் தோணி மிதந்திருக்கும். பக்கீர் இடது கையை உயர்த்தினார்.

"பொறுங்க வாப்பா."

"என்ன காக்கா, அலை நல்லா இரிக்கி. இப்ப விட்டாத்தான்."

"பொறுங்க. தோணிக்காரிட்டக் கேக்கணும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கீர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்து, தகட்டையும் ரப்பரையும் முன்னிருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போனை எடுத்து வீடியோ அழைப்பை அழுத்தி, கமராவைத் தன் முகத்திலிருந்து அணியத்துப் பக்கம் திருப்பினார். திரையில் குணம் ஒட்டிய சதுரம் தெளிவாகத் தெரிந்தது, தகடு இல்லாமல், தழும்பு மாதிரி. சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ராத்தா, இது உங்கட தோணி. நான் மறைச்சிட்டன். பூட்டுறதா, விடுறதா எண்டு நீங்க சொல்லுங்க.

"ரிங் போகுதா காக்கா?" என்று முஸ்தாக் கேட்டான்.

"போகுது. அங்க அவக்குக் கேக்குது."

அலை வந்து தோணியின் வயிற்றில் தட்டிவிட்டுப் போனது. அதே பழைய பறைச் சத்தம். பிடித்திருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். போனைப் பிடித்திருந்த பக்கீரின் இடது கையை வலது கை தாங்கிக்கொண்டது. தோள் நொந்தது. திரையில் அணியம் அப்படியே நின்றது, டோஹாவில் போன் அடித்துக்கொண்டிருந்தது.