நன்றிப் பக்கத்துச் சேலை

கயல், சரவணா, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். அப்பாவின் படிப்பு பத்தாவதோடு நின்றது. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நேற்று கயல் தன் புராஜெக்டைக் காட்டினாள். முதலில் இருந்த நன்றியுரை பிரமாதம். "நீயா எழுதுனே?" என்றேன். "ஃபோன்ல கேட்டா அதுவே குடுத்துடும்ப்பா. அந்தப் பக்கத்த யாரு படிக்கப் போறா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் காபியை அப்படியே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கம் ஒருவர் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம். அந்த விஷத்துக்குப் பயந்து உங்கள் அம்மா என் சட்டையைத் தனி வாளியில் ஊறவைப்பாள். பங்குனி பிறந்தால் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் நெரியும். எல்லோருக்கும் மெரூன் ரெக்சின் அட்டை, தங்க எழுத்தில் பெயர், பக்க அடையாளத்துக்கு நடுவில் பட்டு நாடா.

அப்படி வந்தவள்தான் நஸீமா. பாலக்கரைப் பெண், அத்தா குவைத்தில். மணப்பாறையில் முறுக்கு சுடும் பெண்களைப் பற்றி எம்.ஏ.வுக்கு ஆய்வேடு எழுதினாள். வாராவாரம் பஸ்ஸில் போய், அடுப்படியில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதியது. அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு, திருத்தித் தருகிறேன் என்று அதை வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடித்தார். நடுவில் அதே வகுப்புப் பையன் ஒருவனிடம் மாதிரிக்கு என்று கொடுத்தும் விட்டார். அவன் பெயரை மட்டும் மாற்றி, அவளுக்கு முந்திக் கல்லூரியில் கொடுத்துவிட்டான். காப்பியடித்ததைப் பிடிக்கும் மென்பொருள் அப்போதுதான் வந்திருந்தது. பின்னால் கொடுத்த நஸீமாவுடையதைத்தான் அது சிவப்பாகக் காட்டியது.

கல்லூரியில் விசாரணை முடிந்ததும் நேரே கடைக்கு வந்தாள்.

"அண்ணே, நன்றிப் பக்கத்தக் காட்டுனேன். மழையில நனஞ்சு போனப்ப மாத்துச் சேலை குடுத்து, தலை துவட்டிப் பின்னிவிட்ட அக்காமாருக்கு நன்றின்னு எழுதியிருந்தேன்ல? அவனும் அப்படியே போட்டிருக்கான். அவன் சேலை கட்டுனானா சார்னு கேட்டேன்."

"என்னம்மா சொன்னாங்க?"

"சிரிச்சாங்கண்ணே. அப்புறம், நன்றியுரையெல்லாம் காப்பிச் சதவீதக் கணக்குல வராதும்மா, ரூல் அப்படின்னுட்டாங்க."

சிரித்திருக்கிறார்கள்! புரியாமல் யாராவது சிரிப்பார்களா? யாருடைய உழைப்பு என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான், இவள் காப்பியடித்தாள், வேறு தலைப்பில் மறுபடி எழுதட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கைடிடம் ஒரு கேள்வி கிடையாது. விசாரணைக் குழுவில் அவரும் ஒருவர்!

"அத்தா ஃபோன் பண்ணுனா என்னன்னு சொல்லுவேன்? உங்க மக திருடிட்டான்னா?" என்றாள். "நமக்கெதுக்குப்பா வம்பு, வேலையப் பாரு" என்றார் முதலாளி. அடுத்த பங்குனியிலும் அவள் வரவில்லை, அதற்கடுத்த பங்குனியிலும் வரவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள். ரெக்சினும் தங்க எழுத்தும் போய்விட்டன. எல்லாம் பிடிஎஃப். எழுதுவதும் மெஷின், பிடிப்பதும் மெஷின். கயல், யாரு படிக்கப் போறான்னு இன்னொரு முறை என்னிடம் கேட்காதே. நான் படிப்பேன். அந்தப் பக்கத்தை நீயே எழுது.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விசாரணை முடிந்த பிறகு, அந்தப் பையனின் பிரதிகளும் எங்கள் கடைக்கே பைண்டிங்குக்கு வந்தன. முதலாளி சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், அவன் பெயரை என் கையாலேயே தங்க எழுத்தில் அச்சடித்தேன். பசை காய்ந்ததும் ஒவ்வொரு பிரதியாகத் திறந்து, யார் திறந்தாலும் அதுவே விரியட்டும் என்று, பட்டு நாடாவை நன்றிப் பக்கத்தில், அந்தச் சேலை வரியின் மேலேயே படும்படி வைத்து மூடினேன்.