குணா ‘ஓட்டோ’ என்று சொன்ன காலை

குணசேகரன் மாரடைப்பில் போய்விட்டான் என்ற செய்தி, பழைய ஷிப்ட் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரர் சத்தம் போட்ட பிறகுதான் பையை வாங்கினேன். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு நீயும் எழுது என்றார்கள். நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். செனாவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஒன்றாகவே சேர்ந்தோம். ஈரக் கையுறைகளை உலர்த்தும் அடுப்பு எங்கள் பொறுப்பு. அதை ‘ஓட்டோ’வில், அதாவது தானியங்கியில், போட்டால் சென்சார் சூட்டைச் சொல்லும், கண்ட்ரோலர் அதை நாம் கேட்ட சூட்டோடு ஒப்பிட்டு, கூடினால் எரிவாயு வால்வைக் குறைக்கும், குறைந்தால் திறக்கும். ‘மேனுவல்’ என்றால் வால்வு வைத்த இடத்திலேயே நிற்கும். மனிதன்தான் கண் வைக்க வேண்டும்.

குணாவுக்கு இதெல்லாம் விளையாட்டு. ஒருமுறை குடும்பங்களோடு சி ரூசா கடற்கரையில் தங்கியபோது, குளியலறையில் சுடுதண்ணீர் வரவில்லையென்று குழாயை மேலும் மேலும் திருகி, கடைசியில் கொதிநீர் பட்டு நான் அலறினேன். “சூடு வந்து சேர நேரமாகும் லா! அதுக்குள்ள ஏண்டா திருகுற? அவசரக்கார கண்ட்ரோலரும் இப்படித்தான் ஆடும்” என்று வெளியிலிருந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதை மறுக்க மாட்டேன்.

ஷிப்ட் மாறும்போது போகிறவர் அடுப்பின் நிலையைச் சொல்வார். வருகிறவர் போய் சுவிட்சைப் பார்ப்பார். எங்கள் இருவருக்குள் மட்டும் அந்தப் பார்வை கிடையாது. பார்த்தால் நட்புக்கே அவமானம் என்று நினைத்திருந்தோம்.

ஒரு நாள் காலை, ஷிப்ட் முடித்த அவன் கை துடைத்துக்கொண்டே, “ஓட்டோல இருக்கு மச்சான், போய் தண்ணி குடிச்சிட்டு வா” என்றான். போனேன். லைன் சிறிது நேரம் நின்றுபோயிற்று. ஈரக் கையுறைகள் வராததால் சூடு ஏறியது. வால்வு குறையவே இல்லை. மணி அடித்து நான் ஓடி வருவதற்குள் உள்ளே கிடந்ததெல்லாம் கருகிவிட்டது. சுவிட்ச் மேனுவலில் இருந்தது.

மறந்திருப்பான். யாருக்கும் நடக்கும். ஆனால் விசாரணையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “மேனுவல்னு தெளிவா சொன்னேன் பாஸ். இவன்தான் கவனிக்கல” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பேக்கிங் பகுதிக்குத் தள்ளினார்கள். அவன் சூப்பர்வைசர் ஆனான். அது துரோகம். செத்துப்போனதால் அதற்கு வேறு பெயர் வைக்க என்னால் முடியாது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தான். முறுக்குத் தின்றான், என் மனைவியிடம் ஊர்க்கதை பேசினான். கிளம்பும்போது வாசல் கேட் அருகில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மனசுல ஒண்ணும் வெச்சிக்கலையே மச்சான்?” என்றான். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். ‘தப்பு என்னுது’ என்று சொல்லியிருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டான். இனி யாரிடம் கேட்பது?

இப்போது செண்டாயானில் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். குணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: யார் சொன்னாலும் நம்புவதில்லை, போய்ப் பார்க்கிறேன். சென்ற வாரம், என்னோடு வெகுகாலமாக வேலை செய்யும் நல்ல மனிதர் ஒருவர், “ஓட்டோதாண்ணே, நான் சொல்றேன்ல” என்றார். போய்ப் பார்த்தேன். ஓட்டோவில்தான் இருந்தது. திரும்பியபோது அவர் முகம் வாடியிருந்தது.

அதற்கும் நீதான் பொறுப்பு, குணா.