பவானியைச் சுமந்த மாதங்கள்

சுகன்யா, பவானி, நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. சின்னவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால் பெரியவளே, நீ வாய்விட்டுப் படித்துக் காட்டு. ஒரு வரியையும் தாண்டாதே. அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. வருஷ நினைவுக்கு அச்சடிக்கும் இந்தச் சின்னப் புத்தகம் சொந்தக்காரர்கள் கைக்கும் போகும். அவர்களும் படிக்கட்டும்.

அம்மாவை எடுத்த அன்று நம் வீட்டு வாசலில் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். "வயித்துல இருந்துகினே பெத்தவள அரிச்சிட்டாளே இந்தக் குட்டி!" யார் என்று எழுத மாட்டேன். துக்கத்தில் வாய் தவறுவது உண்டு. ஆனால் பவானி அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அம்மா படம் மாட்டிய அறைக்குள் அவள் வருவதில்லை. விளக்கேற்றக் கூப்பிட்டால் அக்கா பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சேரப்பணஞ்சேரியில், பயிர்வைக்கும் குடும்பத்தில். பத்தாவது வரை படித்தவர். என்னைக் கட்டிக்கொண்டு மண்ணூருக்கு வந்தார். சுகன்யா பிறந்து நடக்க ஆரம்பித்த சமயம்தான் நம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கின. கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் அம்மா சேர்ந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. நம் வீட்டுக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்த திருநெல்வேலிப் பெண்களுக்கும் அதே லைனில்தான் வேலை. அம்மாவை அக்கா, அக்கா என்று சுற்றி வருவார்கள். சூப்பர்வைசர் நடப்பது போல அம்மா நடந்து காட்டினால் அந்தப் பெண்கள் தரையில் விழுந்து சிரிப்பார்கள்.

பவானி வயிற்றில் வந்ததும் சுகாதார நர்ஸம்மா சத்து மாத்திரை கொடுத்தார். "இரும்புச் சத்தும்மா. வெளிக்கி கருப்பாதான் போவும், பயந்துக்காத" என்று முன்கூட்டியே சொல்லியும் அனுப்பினார். சொன்னபடியே போனது. நாங்கள் பயப்படவில்லை. வயிறு பிடித்து இழுத்தால் வாய்வு என்றார்கள். இளைத்தால் மசக்கை என்றார்கள். மூச்சு வாங்கினால் நின்றுகொண்டே செய்கிற வேலை என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. எல்லாமே கேட்பதற்கு நல்ல பதிலாகவும் இருந்தது.

பொங்கலுக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போனார். மாத்திரையை மண்ணூரில் டி.வி. மேலேயே மறந்து வைத்துவிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தவரைக் கூட்டிவர நான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இறங்கியதும் பையைக்கூடக் கொடுக்கவில்லை.

"ஏங்க, நான் மாத்திரையே போடல."

"அதுக்கு இன்னா இப்போ? வூட்டுக்குப் போயி போட்டுக்க."

"அதில்லீங்க. போடாமலே கருப்பா போவுது."

பக்கத்தில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் நர்ஸம்மாவிடம் சொன்னோம். எல்லோரையும் சத்தம் போட்டு அதட்டுகிறவர் அவர். அன்றைக்கு அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "உள்ள எங்கயோ ரத்தம் கசியுது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு வேணாம்." அவர் அதட்டாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

சென்னையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குடலில் புற்றுநோய் என்றார்கள். நம் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. 'அந்த நோவு' என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். "புள்ளைய கலைச்சிட்டு வைத்தியத்தப் பாரு" என்று பலர் சொன்னார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். டாக்டரம்மா வேறு வழியும் இருக்கிறது என்றார். குழந்தை உள்ளே இருக்கும்போதே கெட்ட இடத்தை வெட்டி எடுக்கலாம், பிறந்தபிறகு மருந்து ஏற்றலாம், ஆனால் இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "இது குழந்தையால வந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. கட்டி முன்னாடியே இருந்திருக்கு. குழந்தை உண்டாகலன்னா நீ மாத்திரை வாங்கவும் போயிருக்க மாட்ட, இங்க வந்தும் இருக்க மாட்ட. குடல் அடைச்ச பிறகுதான் தூக்கிட்டு வந்திருப்பாங்க."

சுகன்யா, இதைத் தங்கச்சிக்கு இன்னொரு முறை படி.

"அப்போ இருக்கட்டும். என்னை இங்க கூட்டிகினு வந்ததே அதுதான்" என்றார் அம்மா.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். "கம்பெனி பஸ் மாதிரி இன்னா ஓட்டம் ஓடுது!" என்று அம்மா முனகினார். 

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். சொந்தத்தில் பாதிப் பேர் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், வேலை என்றார்கள். அந்த நோவு இருக்கிற கையைத் தொட்டு வளையல் போடப் பயம். தட்டில் வளையல் அடுக்கியபடியே இருந்தது. சந்தனம் காய்ந்துபோனது. அப்போது ஷிப்டு முடித்து யூனிபாரத்தோடு அந்தத் திருநெல்வேலிப் பெண்கள் வந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"கல்யாணம் ஆகாத பிள்ளைய நாங்க. போடலாமாக்கா?"

"உள்ள வாங்கடி. லைன்லதான் வளையல் போட வுடமாட்டான். இங்க எவன் கேக்கப் போறான்?"

முழங்கை வரை போட்டு நிரப்பினார்கள். அம்மா தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பெண் இரவல் கேமராவில் படம் எடுத்தாள்.

எட்டாம் மாதமே பவானியை வெளியே எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிறகு அம்மாவுக்கு மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறும் உடம்பில் பால் கொடுக்கக் கூடாது. பவானி, நீ அழும்போது அம்மா மார்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதன்பிறகு சில நல்ல வருடங்கள் கிடைத்தன. பவானியை எல்.கே.ஜி.யில் கொண்டுபோய் விட்டது அம்மாதான். ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின நாள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். போன வருடம் அம்மாவின் கண் மஞ்சளானது. நோய் ஈரலுக்குப் போயிருந்தது. கடைசி மதியம் அம்மா கேட்டது, "சின்னது ஸ்கூல் வுட்டு வந்துச்சா?"

வந்திருந்தாய் பவானி. பக்கத்தில்தான் நின்றாய்.

நர்ஸம்மாவுக்கும், டாக்டரம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த, என்னோடு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் நண்பர்களுக்கும், சுகன்யாவைப் பார்த்துக்கொண்ட என் தங்கைக்கும், இப்போது எந்தெந்த ஊரிலோ குடித்தனம் நடத்தும் அந்தத் திருநெல்வேலிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. வளைகாப்புக்கு வராதவர்கள் மேல் அம்மாவுக்கு வருத்தம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

நம் வீட்டில் மாட்டியிருந்தது கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. போன வாரம் அந்த வளைகாப்புப் படத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். "முகத்த மட்டும் எடுத்துக்கலாம்ணே, வயிறு எதுக்கு?" என்றார் ஸ்டுடியோக்காரர். வயிறும் இருக்கணும் என்றேன். இந்தப் புத்தகத்தின் அட்டையில் இருப்பதும் அதுதான்.

நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தபோது பழைய படத்தை இறக்கினேன். செத்தவர்கள் படத்தை எட்டாத உயரத்தில் மாட்டுவதுதான் வழக்கம். அந்த ஆணியைப் பிடுங்கி, நன்றாகக் கீழே இறக்கி அடித்துப் புதுப் படத்தை மாட்டினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, பவானி உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று முட்டி போட்டுப் பார்த்தேன்.