சோற்றில் இருந்த இடது கை

மைசூன் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் குடியிருந்த கட்டடத்தில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. அம்மான் நகரத்தில் நாலாவது மாடியில் தனியாக இருந்தாள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. பகல் முழுவதும் கணினியில் யார் யாருடைய முகங்களையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழ்வீட்டு உம்மு ஸைத் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள்.

“போட்டோவுல பொய் இருக்கான்னு பாக்குறதுக்குச் சம்பளமா குடுக்குறாங்க? எங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்து நான் தெனம் சும்மாவே சொல்றேனே!”

நாங்கள் இருவரும் ஒரே செய்தித் தளத்தில் வேலை பார்த்தோம். வந்து சேரும் செய்திகளின் எழுத்தை நான் திருத்துவேன். படங்களை அவள் சோதிப்பாள். அலுவலகம் என்று ஒன்று இருந்தது, ஆனால் அவள் அதிகம் வரமாட்டாள். வந்தால் பேச்சு நின்றுவிடும். ஏனென்றால் அவளுக்கு எங்கள் ஆள், அவர்கள் ஆள் என்ற கணக்கே கிடையாது. அமைச்சர் பேசிய கூட்டத்தின் படத்தில் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப ஒட்டிக் கூட்டம் காட்டியிருந்தார்கள். அதை எழுதியபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அடுத்த மாதம் எதிர்க்கட்சி ஊர்வலப் படத்திலும் அதே வேலை நடந்திருந்தது. அதையும் எழுதினாள். அன்றைக்கு யாரும் அவளோடு தேநீர் குடிக்கவில்லை.

அவளுடைய சொந்த ஊர் தெற்கே கெரக். அங்கிருந்துதான் அந்தப் படம் வந்தது.

ஊருக்கு வெளியே ஆதிஃப் பாஷாவின் கல்குவாரி இருக்கிறது. பாஷா என்பது படைத் தளபதிகளைக் கூப்பிடும் பட்டம்; அவர் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. பணம் பாஷா ஆக்கியிருந்தது. அந்தக் குவாரியில் வேலி இல்லாத விளிம்பிலிருந்து ராகான் என்ற இளைஞன் விழுந்து செத்தான். அவன் தகப்பனார் மைசூனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. தலைப்பிள்ளையின் பெயரால் தகப்பனை அழைப்பது எங்கள் வழக்கம். ஆகவே செத்துப்போன மகனின் பெயரால்தான் ஊர் இன்னும் அவரைக் கூப்பிட்டது: அபூ ராகான், ராகானின் அப்பா.

பாஷா பெரிய மனிதர்களைச் சமாதானம் பேச அனுப்பினார். அபூ ராகான் மறுத்தார். “வேலி போடாதவன் கோர்ட்டுல பதில் சொல்லட்டும்” என்றார். ராகானோடு வேலை பார்த்தவர்களில் சிலர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தபோது ஒரு செய்தித் தளத்தில் படம் வெளியானது. பாஷாவின் விருந்துக் கூடம். நடுவே பெரிய தாம்பாளத்தில் மன்ஸஃப். சோறு, ஆட்டுக்கறி, மேலே வறுத்த பாதாம். சுற்றி நின்று சாப்பிடும் ஆண்களுக்கு நடுவே, பாஷாவைப் பார்த்தபடி, சோற்றில் கை வைத்து அபூ ராகான். ‘வியாழக்கிழமை மாலை இரத்தம் மன்னிக்கப்பட்டது’ என்று தலைப்பு.

எதிராளியின் வீட்டில் சாப்பிட்டால் வழக்கு தீர்ந்தது என்று அர்த்தம். கையெழுத்துகூட வேண்டாம், ஒரு கவளம் போதும். குவாரியில் வெட்டிய கல்லுக்குச் சதுர மீட்டர் கணக்கில் விலை உண்டு. அங்கே விழுந்து செத்தவனுக்கு ஒரு வேளைச் சோறு. இதைப் பண்பாடு என்று பேசும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாருடைய மகனும் குவாரியில் வேலை பார்ப்பதில்லை.

அன்று மாலையே அபூ ராகான் மைசூனுக்குப் போன் செய்தார்.

“மகளே, பசங்க சாட்சிக்கு வரமாட்டோங்கிறாங்க. ‘நீயே போயி தின்னுட்டு வந்துட்ட, நாங்க எதுக்குப் பொழப்ப விடணும்’னு கேக்குறாங்க. நான் அந்த ஆள் வாசப்படி மிதிக்கல.”

“வியாழக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க சித்தப்பா?”

“வீட்டுல.”

“கூட யாரு?”

“யாருமில்ல. ராகானோட அம்மா போன பொறவு யாரு இருக்கா? விளக்குகூடப் போடாம உக்காந்திருந்தேன். ஒருத்தரும் பாக்கல.”

“பாக்குறேன் சித்தப்பா. நெசமான படமா இருந்தா நெசம்னுதான் எழுதுவேன். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க.”

“பாரு” என்றார்.

அந்தப் படத்தைச் செய்தவன் கைதேர்ந்தவன். வெட்டி ஒட்டிய ஓரங்கள் மெழுகியதுபோல் இருந்தன. ஆனாலும் மைசூன் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். சுற்றி நின்றவர்களின் மார்பில் தாம்பாளத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கீழிருந்து விழுந்திருந்தது. அபூ ராகானின் கோட்டில் அது இல்லை. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் விழும் மணல் போன்ற புள்ளிகள் மற்ற முகங்களில் இருந்தன, அவர் முகத்தில் இல்லை. அவர் கையைச் சுற்றி இருந்த சோற்றில் மூன்று பாதாம் ஒரு தினுசாகக் கிடந்தன. அதே மூன்றும் அதே தினுசில் தாம்பாளத்தின் மறுபக்கமும் கிடந்தன. கையை நுழைத்த இடத்தை மறைக்கச் சோற்றை நகல் எடுத்து அப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவும் நிபுணர்களுக்குப் போதும். குவாரி ஆட்களுக்குப் போதாது. அவர்கள் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் அவள் தன் அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரித்தாளாம். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அது. எல்லாரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, வலது கையால் சாப்பிடுகிறார்கள். அபூ ராகான் மட்டும் வலது கையைப் பின்னால் வைத்து, இடது கையைச் சோற்றில் விட்டிருக்கிறார். எங்கள் ஊரில் இடதுகைக்காரன்கூடச் சபையில் அப்படிச் சாப்பிடமாட்டான். வேறொரு விருந்தில் எடுத்த படத்தை, பாஷாவின் பக்கம் முகம் திரும்ப வேண்டும் என்பதற்காக இடவலமாகப் புரட்டியிருக்கிறார்கள். காசு வாங்கிச் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ; ஒரு தடவை மன்ஸஃப் தின்றிருந்தால் அகப்பட்டிருக்கமாட்டான்.

மூலப் படமும் கிடைத்தது. குடும்பத்தாரின் முகநூல் பக்கத்தில், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணம். அதே கோட்டு, தலைத்துணியில் அதே மடிப்பு, புருவத்தில் அதே தழும்பு. அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் ராகான் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பாஷாவுக்காக அவரை வெட்டி எடுத்தபோது அவனை விட்டுவிட்டிருந்தார்கள்.

அறிக்கையை முடிக்கும் நேரத்தில் அபூ ராகானின் அண்ணன் மகன் ஃபவ்வாஸ் அம்மானுக்கே வந்துவிட்டான். கெரக்கில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு வரக்கூடாது என்று அலுவலகத்துக்கு வந்தான். நானும் இருந்தேன்.

“மைசூன், இதையும் சேத்துப் போட்டுரு. கதை முடிஞ்சுது” என்று ஒரு படத்தைக் காட்டினான். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் அபூ ராகான் உட்கார்ந்திருக்கிறார். தலைக்குமேல் மின்பலகையில் அதே வியாழக்கிழமையின் தேதி.

மைசூன் அதைப் பெரிதாக்கினாள். பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கதவில் அந்த மின்பலகை இடவலம் மாறித் தெரிந்தது. அதில் வேறு தேதி, ஏப்ரல் மாதத்தது.

“இத யாரு பண்ணது?”

“எத?”

“கண்ணாடிக் கதவுல தெரியுற தேதிய மாத்த மறந்துட்ட ஃபவ்வாஸ்.”

அவன் முகம் சிவந்தது. “சரி, நான்தான். என்ன இப்போ? அவரு அந்த வீட்டுக்குப் போகல, அது நெசம்தானே? நெசத்துக்குப் படம் இல்ல, அதான் நான் ஒண்ணு பண்ணேன். பாஷா பண்ணா ராஜதந்திரம், நாம பண்ணா பாவமா?”

“பாவமான்னு பள்ளிவாசல்ல போயி கேளு. இது பொய்.”

“ஊரே பகிர்ந்துக்கிட்டு இருக்கு! நேத்தே போட்டுட்டேன்.”

“போட்டுட்டியா?”

“பின்ன? நீ பூதக்கண்ணாடி வச்சு முடிக்கிறதுக்குள்ள கேஸே முடிஞ்சுரும்.”

“அப்போ இதையும் நான் எழுதணும்.”

ஃபவ்வாஸ் என்னைப் பார்த்தான். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இவளுக்குக் கண்ணு நாலு, சொந்தபந்தம் பூஜ்யம். அதனாலதான் ஒத்தையில கெடக்கா.”

நான் அவளிடம் மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன்: பாஷாவின் படத்தை மட்டும் இப்போது எழுது, இதைப் பிறகு பார்க்கலாம் என்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாஷாவோட வக்கீலுக்குக் கண்ணு இல்லயா? இதத் தூக்கிக் காட்டி, ‘இவங்க பொய்யனுங்க, எங்க படமும் சரிதான்’ம்பான். நான் தெரிஞ்சே மறைச்சேன்னா அவன் சொல்றது பாதி உண்மையாயிடும். நான் சித்தப்பாகிட்ட பேசுறேன்.”

எங்கள் முன்னாலேயே போன் செய்தாள். அபூ ராகானுக்கு ஃபவ்வாஸின் படம் பற்றித் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ அன்னிக்கு நான் எங்கயும் இல்ல, அப்பிடித்தானே?” என்றார்.

“வீட்டுல இருந்தீங்க சித்தப்பா.”

“தனியா இருந்தவனுக்கு ஏது சாட்சி? அவன் சோத்துக்கு முன்னால நிறுத்துறான், இவன் ஆஸ்பத்திரியில உக்கார வைக்கிறான். என் வீட்டுல நான் இருந்தேன்னு சொல்ல ஒரு படம் இல்ல.” பிறகு மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: “எழுது. ரெண்டையும் எழுது. எம் புள்ள பேரால பொய் வேண்டாம்.”

இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதினாள். கல்யாணப் படத்தையும் பாஷாவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது கையைச் சுற்றி ஒரு வட்டம். கீழே மருத்துவமனைப் படம், கண்ணாடிக் கதவைச் சுற்றி ஒரு வட்டம். ‘அபூ ராகான் அன்று எங்கே இருந்தார் என்பதை இந்தப் படங்கள் எதுவும் சொல்லவில்லை. பாஷாவின் விருந்தில் அவர் நின்றதாகக் காட்டும் படம் செய்யப்பட்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்’ என்று முடித்திருந்தாள். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

மன்னிப்பை அறிவித்த தளம் அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. வருத்தம் என்று ஒரு வரி இல்லை. கெரக்கிலிருந்து மைசூனின் சொந்த அண்ணன் கூப்பிட்டார். “பெருநாளுக்கு வரவேண்டாம். ஃபவ்வாஸ் வீட்டாளுங்க வருவாங்க, உன் மூஞ்சியப் பாத்தா சண்டை வரும்” என்றார். அவள் சரி என்று வைத்துவிட்டாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. உம்மு ஸைத் சொன்னாள். பெருநாள் பலகாரத்துக்கு வாங்கிய பேரீச்சம்பழக் கூழை எல்லாம் மைசூன் தனக்குக் கொடுத்துவிட்டதாக, ஏதோ தவறு நடந்துவிட்டது போன்ற குரலில் சொன்னாள்.

விசாரணை நாளன்று அவள் விடியலிலேயே பேருந்து ஏறிக் கெரக் போனாள். நானும் கூடப் போனேன். நீதிமன்றத்தில் குடும்பத்தார் இரண்டு வரிசைகளை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும், அதே பலகையில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து முன்னால் நெருக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபவ்வாஸ் திரும்பவில்லை. அபூ ராகான் மட்டும் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். முதல் ஆள் இல்லை. இரண்டாவது ஆளும் இல்லை. பாஷாவின் வக்கீல் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது பெயரைக் கூப்பிட்டபோது குவாரியில் பாறைக்கு வெடி வைக்கும் ஹாயில் என்பவன் கதவருகே இருந்து வந்தான். காலணியில் கல்பொடி. அவனை வக்கீல் மடக்கிப்பார்த்தார்.

“போன வாரம் வரமாட்டேன்னு சொன்ன ஆளு, இன்னிக்கு எப்பிடி வந்தீங்க? யாரு பணம் குடுத்தா?”

“யாரும் குடுக்கல ஐயா. கெழவர் அங்க போயி தின்னுட்டாருன்னு நெனச்சேன். அப்பறம் அந்தம்மா எழுதுனதப் படிச்சேன். சொந்தக்காரங்களோட பொய்யயே வெளிய போட்டவ, பாஷாவப் பத்தி மட்டும் எதுக்குப் பொய் சொல்லப்போறா?”

சிலர் சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். வேலி இருந்ததா என்று கேட்டார்.

“இல்ல ஐயா. கயிறுகூட இல்ல. மூணு தடவ கேட்டோம்.”

அதை எழுதிக்கொண்டார்கள். ஹாயில் கையெழுத்திட்டான். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது; ஆனால் செத்துப்போகவில்லை.

வெளியே வந்ததும் குடும்பத்தார் ஹாயிலைச் சூழ்ந்துகொண்டு தோளைத் தட்டினார்கள். ஃபவ்வாஸ்தான் முதலில் கட்டிப்பிடித்தான். மைசூன் படிக்கட்டின் ஓரமாக இறங்கினாள். அபூ ராகான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

“மதியச் சாப்பாட்டுக்கு வான்னு உன்னக் கூப்பிடணும். இவனுங்க எல்லாரும் அங்கதான் இருப்பானுங்க.”

“தெரியும் சித்தப்பா. பஸ் இருக்கு.”

“நீ சாப்பிட்டியா?”

“போயி சாப்பிடுவேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து யாரோ “அபூ ராகான்!” என்று கூப்பிட்டார்கள். மகன் பெயர் காதில் விழுந்ததும் திரும்பினார். அவர் மறுபடி இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் அவள் சாலையைக் கடந்துவிட்டிருந்தாள்.