தப்பாகச் சொன்ன ஆடு

வட்டவடையில் என் நிலத்துக்குள் நுழையும் படலில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. படலைத் தள்ளினால் கோயில் மணி மாதிரி கணீரென்று ஒலிக்காது. சளி கட்டிய தொண்டை மாதிரி கரகரக்கும். மூணாற்றிலிருந்து ஜீப்பில் வரும் சுற்றுலாக்காரர்கள் அதைப் படம் எடுப்பார்கள். சிலர் விலை கேட்பார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு நான் களை பிடுங்கப் போய்விடுவேன். ஐஸ்லாந்து என்கிற தீவில், ஓர் ஆட்டின் கழுத்தில் கிடந்த மணி அது. அந்த ஆட்டை வளர்த்தவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

மூணாற்று விடுதி ஒன்றில் அறை பெருக்கிக்கொண்டிருந்த நான், தெரிந்தவர் மூலம் அதே வேலைக்கு அந்த நாட்டுக்குப் போனேன். வடக்கே, கடலோரத்தில் ஒரு செம்மறியாட்டுப் பண்ணை. அதை ஒட்டி விருந்தினர் தங்கச் சில அறைகள். காலையில் படுக்கை விரிப்பு, மதியத்துக்கு மேல் ஆட்டுக் கொட்டகை. பண்ணைக்காரி கணவனை இழந்தவர், என்னைவிட நன்றாக மூத்தவர். அந்த ஊரில் வாத்தியாரானாலும் மந்திரியானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, அக்கா என்றேன். நான் தனக்கு வைத்த பெயர் என்று அவர் அதை எடுத்துக்கொண்டார். தபால்காரரிடம்கூட அப்படியே சொல்லிக்கொண்டார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், நான் பேசியது அதைவிட உடைந்தது. இப்போது நினைத்தால் அவர் பேச்செல்லாம் எங்கள் ஊர்த் தமிழில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

வந்த புதிதில் அந்த ஊர் எனக்குப் பிடிக்கவே இல்லை. மலை இருக்கிறது, மரம் இல்லை. கிராண்டிஸ் என்கிற தைல மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு அது துணியில்லாமல் நிற்கும் ஊராகத் தெரிந்தது. கறுத்த எரிமலைக் கல்மேல் கணுக்கால் புதையும் பாசி. அதற்கப்பால் ஈயம் பூசினது போலக் கடல். கோடையில் இருட்டுவதே இல்லை, தூங்குவதற்கு ஜன்னலில் கம்பளியை மாட்டினேன். என் மனதை மாற்றியது ஒரு பறவைதான். கடலோரப் புல்லில் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும். ஒரு பிடிக்குள் அடங்கும் உடம்பு. ஆனால் கூட்டுப் பக்கம் போனால் ஆள், குதிரை, நரி என்று பார்க்காமல் நேராக மண்டையில் வந்து கொத்தும். உயரமாகத் தெரிவதைக் கொத்தும் என்பதால் தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் அந்த வழியாகப் போவோம். இத்தனை பெரிய மனிதர்களை இப்படிக் கை தூக்க வைக்கிறதே என்று சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டேன்.

கோடை முழுக்க ஆடுகள் மேய்ப்பவர் இல்லாமல் மலையில் திரியும். இலையுதிர் காலம் வந்ததும் பள்ளத்தாக்கே குதிரையேறிப் போய் அவற்றை ஓட்டி வரும். பெரிய வட்டத் தொழுவத்தில் விட்டு, காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரிப்பார்கள். அன்று குழந்தை குட்டி எல்லாம் கம்பளிச் சட்டையோடு ஆட்டின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். எங்கள் மந்தைக்கு முன்னால் கழுத்து மணியோடு வந்தது அந்த ஆடு. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான நிறம், நெட்டைக் கால், ஒட்டிய வயிறு. எங்கள் வரையாடு பாறை விளிம்பில் நின்று பார்க்குமே, அந்தப் பார்வை. அங்கே சில ஆடுகள் மந்தையை முன் நடத்துவதற்கென்றே வளர்க்கப்படுகிற இனம். ஆற்றில் முதலில் இறங்குவது அதுதான். புயல் வரும் என்று பட்டால் குளிர்காலத்தில் கொட்டகையை விட்டு வெளியே வராது. வாசலில் குறுக்கே நின்றுகொள்ளும். ஆனால் உடம்பில் கறி கிடையாது. அக்காவின் கொழுந்தனுக்கு மந்தையில் பங்கு உண்டு. வைக்கோலுக்குப் பிடித்த கேடு என்று அந்த ஆட்டைக் காணும்போதெல்லாம் சொல்வார்.

குளிர்காலம் தொடங்கிய புதிதில் ஒரு நாள் காலை, வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மந்தையைக் கடலோர மேய்ச்சலுக்கு விடக் கதவைத் திறந்தோம். ஆடு வாசலில் குறுக்கே நின்றது. கொழுந்தன் கொம்பைப் பிடித்து இழுத்தார், அது காலை ஊன்றிக்கொண்டது. விடு என்றார் அக்கா. கொழுந்தன் வானத்தைக் கை காட்டினார். அக்கா வானத்தைப் பார்க்கவே இல்லை, கதவைச் சாத்தினார். அன்று மந்தை முழுக்க உள்ளே நின்று வைக்கோலைத் தின்றது. வெளியே சாயங்காலம் வரை வெயில் அடித்தது. காற்றுக்கூட இல்லை. பக்கத்துப் பண்ணை ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்து திரும்பியதை நானே பார்த்தேன்.

மறுநாள் இறைச்சிக் கூடத்துக்கு அந்த வருஷத்தின் கடைசி லாரி வந்தது. இதையும் ஏற்றிவிடலாம், கிழடு தட்டிவிட்டது, இனி என்ன நம்பிக்கை என்று கொழுந்தன் கயிற்றோடு வந்தார். அக்கா கொட்டகையைப் பூட்டி, சாவியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒரு நாளு தப்பாச் சொல்லிருச்சு. அதுக்கா? ஒங்கண்ணன் காலமெல்லாம் வானத்தைப் பாத்துத் தப்புத் தப்பாத்தான் சொன்னாரு. அவரை லாரியிலயா ஏத்துனோம்?”

லாரி ஓட்டுநர் சிரித்துவிட்டார். கொழுந்தன் சிரிக்கவில்லை. அப்படியானால் பண்ணையைப் பிரித்துக்கொள்வோம் என்றார். பிரித்துக்கொள்வோம் என்றார் அக்கா, நீ காப்பி குடிக்கிறாயா என்று கேட்கிற குரலில். பிரித்தார்கள். பாதி மந்தை போயிற்று. அடுத்த வாரமே பெரும் புயல் வந்து அந்த ஆடு எல்லாரையும் காப்பாற்றியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அது சில நாள் சரியாகச் சொன்னது, சில நாள் தப்பாகச் சொன்னது. அக்கா மீதியிருந்த மந்தையை வெளியே விடுமுன், தினமும் அதைத்தான் முதலில் கதவருகே கூப்பிட்டார்.

அப்பா தவறிய பிறகு நான் ஊர் திரும்பினேன். புறப்படுகிற அன்று அக்கா அதன் கழுத்திலிருந்து மணியைக் கழற்றி என் கையில் வைத்தார். வேண்டாம், அதற்கு வேண்டுமே என்றேன்.

“மணி இல்லாட்டியும் அது முன்னாலதான் போகும். நீ கொண்டு போ.”

ஊருக்கு வந்து அப்பா விட்டுப்போன நிலத்தில் இறங்கினேன். ரோட்டோரப் பாதி என் பங்கு, உள்பாதி அண்ணனுடையது. மூணாற்றில் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு மொத்தத்தையும் ரிசார்ட்டுக்குக் கொடுத்துவிட ஆசை. என் பங்கு சேராமல் அது நடக்காது. போன போகத்தில் ஊரெல்லாம் முதல் மழைக்கே பூண்டு ஊன்றியது. மழை வலுக்கும், ஓய்ந்தபின் ஊன்றலாம் என்று நான் நின்றேன். மழை எனக்காகப் பொறுக்கவில்லை, நான் ஊன்றிய பிறகுதான் வலுத்தது. பிந்தி ஊன்றியதெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகியது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஈரம் காயுமுன் அண்ணன் ஜீப்பில் ரிசார்ட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரிசார்ட்டுக்காரர் படலில் கை வைத்தார். நான் உள்பக்கம் குறுக்கே நின்றேன்.

“ஒனக்கு வெவசாயம் வராதுன்னு ஊரே பாத்துருச்சும்மா. குடுத்துருவோம்” என்றார் அண்ணன், அன்பாகத்தான்.

“ஒரு போகம் தப்பிருச்சு. அதுக்கா லாரியில ஏத்தச் சொல்ற?”

எந்த லாரி என்று அண்ணனுக்குப் புரியவில்லை. நான் புரியவைக்கவும் இல்லை. படலை இழுத்துச் சாத்தினேன், மணி கரகரத்தது. ஜீப் திரும்பிப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். இந்தத் தடவை ஊருக்கு முந்தியே பூண்டு ஊன்றிவிட்டேன். அதுவும் தப்பாகலாம்.